தோட்டத்துக் கோயில் முதல் முறுக்கு வியாபாரம் வரை: காது கேளாதவரும் கண் தெரியாதவரும் பார்க்கும்படி காணொளி தயாரிப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புறச் சிற்றூர்களில் இப்போது எதற்கும் ஒரு காணொளி வந்துவிடுகிறது. கோயில் தீமிதி நேரலையாகப் போகிறது. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி யூடியூப்பில் ஏறுகிறது. தீபாவளிக்கு முறுக்கு விற்பவர் செய்முறையை முகநூலில் போட்டு ஆர்டர் எடுக்கிறார். பார்ப்பவர்களில் ஆலை இரைச்சலில் முப்பது வருடம் வேலை பார்த்துக் காது மந்தமான தாத்தா இருப்பார், சர்க்கரை நோயில் பார்வை குறைந்த பாட்டி இருப்பார், பிறவியிலேயே காது கேளாத பிள்ளையும் இருக்கும். ஒருவருக்குச் செய்தது இன்னொருவருக்குப் போதாது. தேவையானது ஒரு கைப்பேசி, ஒரு சாதாரணக் கணினி, கொஞ்சம் பொறுமை. மென்பொருளுக்குக் காசு செலவில்லை.

படம் பிடிக்கும்போதே செய்ய வேண்டியவை

முதலில் பேச்சைச் சரிசெய்யுங்கள். நம் செய்முறைக் காணொளிகளில் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சு போகும்:

"இதுல இவ்வளவு போட்டுக்குங்க, அப்புறம் இத இப்படி ஊத்தி, இந்தப் பதத்துக்கு வரணும்."

கண் தெரியாதவருக்கு இதில் ஒன்றுமே கிடைக்காது. சப்டைட்டிலை மட்டும் படிப்பவர் பாத்திரத்தைப் பார்ப்பாரா, எழுத்தைப் பார்ப்பாரா? அதையே இப்படிச் சொன்னால் தனியாக விளக்கம் சேர்க்கும் வேலையே பாதியாகிவிடும்:

"அரிசி மாவு நாலு கப், வறுத்து அரைச்ச உளுந்து மாவு ஒரு கப், வெண்ணெய் ரெண்டு மேசைக்கரண்டி. தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, கையில ஒட்டாத பதத்துக்குப் பிசையணும்."

பொருளின் பெயர், அளவு, திசை, பதம் ஆகிய நான்கும் வாயால் வர வேண்டும். திரையில் தொலைபேசி எண்ணோ விலையோ எழுத்தாக வந்தால் அதையும் படித்துச் சொல்லுங்கள். "கீழே தெரியுற நம்பருக்குக் கூப்பிடுங்க" என்று விட்டுவிட்டால், பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவரை இழந்தீர்கள்.

நிறத்தை மட்டும் நம்பிப் பேசாதீர்கள். செம்பனைக் குலை பற்றிய காணொளியில் "சிவப்பானதை வெட்டணும், கறுப்பானதை விடணும்" என்றால் சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாத ஆண்களுக்குப் (இப்படிப்பட்டவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்) பயன் குறைவு. "மரத்தடியில் உதிரிப்பழம் விழுந்திருக்கான்னு பாருங்க" என்பதையும் சேர்த்துச் சொன்னால் எல்லாருக்கும் புரியும். தொழிலிலும் அதுதானே அடையாளம்.

ஒலிக்கு ஒரு சட்டைப்பை மைக் போதும். தாடையிலிருந்து ஒரு சாண் கீழே, துணி உரசாத இடத்தில் மாட்டுங்கள். பேச்சுக்கும் பின்னணிச் சத்தத்துக்கும் குறைந்தது 20 டெசிபெல் இடைவெளி இருக்க வேண்டும் என்பது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் நெறிகள் சொல்லும் அளவு. பின்னணி, பேச்சில் கால்வாசி சத்தமாகக் காதில் விழுகிற நிலை அது. உறுமி மேளம் அடிக்கும்போது பக்கத்தில் நின்று பேட்டி எடுத்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. பத்து அடி தள்ளிப் போய், மேளத்துக்கு முதுகு காட்டி நில்லுங்கள். எடிட்டிங்கில் பேச்சுக்கு அடியில் பாட்டு போடும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. செவிக்கருவி போட்டவர்களுக்குப் பாட்டும் பேச்சும் ஒன்றாகக் கலந்து இரைச்சலாகத்தான் கேட்கும்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்களும் உண்டு. வெளிச்சம் முகத்தின் முன்னாலிருந்து வரட்டும். சன்னலுக்கு முன் நிறுத்தினால் முகம் இருட்டாகிவிடும். ஒலிவாங்கியை வாய்க்கு நேரே பிடிக்காமல் தாடைக்குக் கீழே பிடிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: வேலை நடக்கிற இடங்களில் மூன்று நான்கு நொடி பேசாமல் விடுங்கள். பின்னால் ஒலி விவரணை (திரையில் தெரிவதைக் குரலால் சொல்வது) சேர்க்க அந்த இடைவெளி வேண்டும்.

எந்த மொழியில் சப்டைட்டில்?

தமிழ்க் காணொளிக்குத் தமிழ்ச் சப்டைட்டில் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். வயதான பிறகு காது மந்தமானவர்களுக்கு அது சரி. ஆனால் மலேசியாவில் பிறவியிலேயே காது கேளாத தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் சிறப்புக் கல்விப் பள்ளிகளிலும் வகுப்புகளிலும் மலாய் வழியாகவே படிக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த எழுத்து மலாய். தமிழ் எழுத்து தெரிந்திருக்கும் என்று எண்ண முடியாது. அப்பா அம்மாவின் கோயில் திருவிழாவை அந்தப் பிள்ளை புரிந்துகொள்ள மலாய்ச் சப்டைட்டில்தான் வழி. அதே சமயம் மலாய் மட்டும் போட்டால், காது மந்தமான தாத்தாவுக்கு அந்த வேகத்தில் படிக்க வராது.

ஆகவே இரண்டு கோப்பு: ஒன்று தமிழ், ஒன்று மலாய். முதலில் தமிழை நேரத்தோடு முடித்துவிட்டு, அதே நேரக்குறிப்பில் மலாயை எழுதினால் கூடுதல் வேலை அதிகமில்லை. யூடியூப்பின் தானியங்கி மொழிபெயர்ப்பை நம்பி மலாயை விட்டுவிடாதீர்கள். "பூக்குழி", "சாமி வந்துருச்சு", "வேப்பிலை அடிக்கிறாங்க" எல்லாம் அதன் கையில் என்ன பாடுபடும் என்று ஒருமுறை போட்டுப் பார்த்தாலே தெரியும்.

தமிழ்ச் சப்டைட்டில் எழுதும் முறை

தட்டச்சுக்கு முரசு அஞ்சலோ செல்லினமோ எதுவானாலும் சரி, யூனிகோடாக இருக்க வேண்டும். பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் அடித்த உரையை ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். முதல் வரைவுக்குக் கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சைப் பயன்படுத்தலாம். அதன் மொழிப் பட்டியலில் தமிழ் (மலேசியா) என்றே தனியாக இருக்கிறது. காணொளியை ஒரு காதில் கேட்டுக்கொண்டே நீங்கள் நிதானமாகத் திருப்பிச் சொல்லுங்கள். காணொளியை நேராக அதற்குக் கேட்கவிட்டால் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் கலந்த நம் பேச்சில் அது தடுமாறும். நிறுத்தற்குறிகளை நீங்களேதான் போட வேண்டும்.

ஒரு சமயத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு வரியில் நான்கு, ஐந்து சொல். சப்டைட்டில் எடிட் போன்ற மென்பொருளில் ஒரு வரிக்கு 42 எழுத்து என்ற வரம்பு பல இடங்களில் பரிந்துரையாக இருக்கும். ஆனால் அந்த எண்ணிக்கையில் "க்" இரண்டு, "கொ" இரண்டு, "பி" இரண்டு. நாம் எழுத்து என்று எண்ணுவதில் 25, 26 வந்தாலே மென்பொருள் 42 தொட்டுவிட்டதாகச் சொல்லும். அதே காரணத்தால் படிக்கும் வேகம் அதிகம் என்று சிவப்பில் எச்சரிக்கும். உடனே பேச்சை வெட்டாதீர்கள். அந்தச் சப்டைட்டிலை அது நிற்கும் நேரத்துக்குள் வாய்விட்டு நிதானமாகப் படித்துப் பாருங்கள். முடிந்தால் சரி. ஒன்றரை நொடிக்குக் குறையாமல், ஆறேழு நொடிக்கு மிஞ்சாமல் ஒவ்வொன்றும் நிற்கட்டும்.

எங்கே உடைப்பது என்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். தமிழில் வினை கடைசியில் வரும், மறுப்பும் கடைசியில்தான் வரும். "எண்ணெய் புகையும்போது மாவைப் போடக்" என்று ஒரு சப்டைட்டிலும், "கூடாது" என்று அடுத்ததும் வந்தால், படிப்பவருக்கு இரண்டு நொடி வரை தலைகீழான செய்திதான் கிடைக்கும். மருந்து, மின்சாரம், பூச்சிக்கொல்லி பற்றிய காணொளியில் இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. மறுப்பு வரும் வாக்கியத்தை ஒரே சப்டைட்டிலுக்குள் முடியுங்கள். நீளமாக இருந்தால் "மாவைப் போடக் கூடாது" என்பதை முன்னால் கொண்டுவாருங்கள். அதேபோல் "வந்த / பிள்ளைகள்", "பெரிய / சட்டி" என்று அடையையும் பெயரையும் பிரிக்காதீர்கள்.

பேசியதைப் பேசியபடி எழுதுங்கள். "வாங்க" என்று உதடு அசையும்போது "வாருங்கள்" என்று எழுதினால், பாதி கேட்டுப் பாதி படிப்பவருக்குக் குழப்பம். அதற்காக "வந்துகினுருந்தாய்ங்க" என்று ஒவ்வொரு இழுப்பையும் எழுதினால் படிக்கவே முடியாது. எல்லாரும் வாட்ஸ்அப்பில் எழுதுகிற பேச்சுத் தமிழ் அளவில் நிறுத்துங்கள். "பசார்", "லோரி", "கிளினிக்" போன்றவற்றைத் தமிழ் எழுத்தில் அப்படியே விடலாம்.

பேச்சில்லாத ஒலிகளைச் சதுர அடைப்புக்குள் குறியுங்கள், பொருள் உள்ளவற்றை மட்டும். [உறுமி மேளம் வேகமெடுக்கிறது] தேவை. [பறவைச் சத்தம்] பெரும்பாலும் தேவையில்லை. திரைக்கு வெளியிலிருந்து ஒருவர் பேசினால் யார் என்று குறிக்க வேண்டும்: [பூசாரி] அல்லது [மண்டோர்] (தோட்டத்து மேற்பார்வையாளர்). பாட்டு ஓடினால் பாடலின் பெயர் மட்டுமாவது இருக்கட்டும்.

கோப்பாகச் செய்வது

எஸ்ஆர்டி என்ற வடிவம் எல்லா இடத்திலும் செல்லும். உள்ளே இப்படி இருக்கும்:

1
00:00:04,200 --> 00:00:07,400
எண்ணெய் புகைய விடக் கூடாது.
புகைஞ்சா முறுக்கு கருகிடும்.

2
00:00:07,600 --> 00:00:09,300
[முறுக்கு பொரியும் சத்தம்]

எண், நேரம், உரை, பிறகு ஒரு காலி வரி. நொடிக்கும் மில்லிநொடிக்கும் இடையில் வருவது காற்புள்ளி. முற்றுப்புள்ளி போட்டால் சில தளங்கள் கோப்பையே ஏற்காது. சேமிக்கும்போது குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள்; இல்லையென்றால் எல்லாம் கேள்விக்குறியாக வரும். விண்டோஸ் நோட்பேடில் சேமித்தால் பெயரின் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். "கோப்பு ஏற்கப்படவில்லை" என்று வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

நேரம் போடும் வேலையைக் கடைசியாக ஏற்றுமதி செய்த காணொளியில்தான் செய்ய வேண்டும். பிறகு முன்பக்கம் 12 நொடி அறிமுகம் ஒட்டினால் எல்லாம் 12 நொடி தள்ளிப்போகும். இதைச் சப்டைட்டில் எடிட்டில் மொத்தமாக நகர்த்திவிடலாம். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் காரணம் வேறு: கைப்பேசிகள் மாறும் சட்டக வேகத்தில் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) பதிவு செய்கின்றன, எடிட்டிங் மென்பொருள் அதை 25 அல்லது 30 என்று நிலையாக்கும்போது நேரம் நழுவும். ஏற்றுமதிக்குப் பின் நேரம் போட்டால் இந்தச் சிக்கலே வராது.

யூடியூப் ஸ்டூடியோவில் சப்டைட்டில் பகுதிக்குப் போய், மொழியைச் சேர்த்து, "நேரத்துடன்" என்பதைத் தேர்ந்து கோப்பை ஏற்றுங்கள். தமிழுக்கு ஒருமுறை, மலாய்க்கு ஒருமுறை. முகநூல் கோப்பின் பெயரைப் பார்த்து மொழியை அறிகிறது: பெயர், புள்ளி, மொழிக் குறி, கீழ்க்கோடு, நாட்டுக் குறி, புள்ளி, எஸ்ஆர்டி. தமிழுக்கு டி-ஏ, ஐ-என். மலாய்க்கு எம்-எஸ், எம்-ஒய். மொழிக் குறி சிறிய எழுத்தில், நாட்டுக் குறி பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் தனிக் கோப்பு இணையாது. அங்கே எழுத்தைப் படத்திலேயே பதித்துத்தான் அனுப்ப வேண்டும். பதிக்கும்போது மூன்று தொல்லை வரும். ஒன்று, சில கைப்பேசிச் செயலிகளில் "கொ" உடைந்து கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற நல்ல யூனிகோடு எழுத்துருவை ஏற்றியும் சரியாகாவிட்டால் அந்தச் செயலியை விட்டு, கணினியில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் வழியாகப் பதியுங்கள். இரண்டு, வாட்ஸ்அப் சுருக்குவதால் மெல்லிய எழுத்து மங்கும். 720 வரிப் படத்தில் எழுத்து உயரம் 45 புள்ளிக்குக் குறையக் கூடாது, தடித்த எழுத்தாக இருக்கட்டும். மூன்றாவது நிறம். கோயில் நோட்டீஸ் பழக்கத்தில் மஞ்சளில் சிவப்பு எழுதுகிறோம். தூய சிவப்புக்கும் தூய மஞ்சளுக்கும் ஒளி வேறுபாடு 3.7-க்கு 1 தான். சிறிய எழுத்துக்கு வேண்டிய குறைந்த அளவு 4.5-க்கு 1. கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து எப்போதும் தோற்காது. ரீல்ஸ், ஷார்ட்ஸ் என்றால் அடிப்பகுதியைப் பெயரும் பொத்தான்களும் மறைக்கும். எழுத்தை நடுவுக்குச் சற்றுக் கீழே வையுங்கள்.

யூடியூப்பில் மட்டும் பதிக்காதீர்கள். பதித்த எழுத்தைப் பெரிதாக்கவோ அணைக்கவோ முடியாது. கண்ணும் காதும் இரண்டுமே குறைந்தவர் பிரெயில் கருவியில் படிக்கவும் அது உதவாது.

பார்வையற்றவர்களுக்கு

பேச்சிலேயே எல்லாம் சொல்லிவிட்டால் செய்முறைக் காணொளிக்கு ஒலி விவரணை பெரும்பாலும் தேவைப்படாது. திருவிழா, நாடகம், நடனம் ஆகியவற்றுக்குத்தான் தேவை. பேச்சு இல்லாத இடைவெளிகளை நொடிக் கணக்கோடு குறித்துக்கொள்ளுங்கள். நிதானமான தமிழில் நொடிக்கு இரண்டு சொல். நான்கு நொடி இடைவெளியில் ஏழெட்டுச் சொல்தான் இடம் பிடிக்கும். நிகழ்காலத்தில், கண்ணில் படுவதை மட்டும் சொல்லுங்கள். "பக்திப் பரவசத்தில் மெய்ம்மறந்த பக்தர்" என்பது உங்கள் கருத்து. "மஞ்சள் வேட்டி, கையில் வேப்பிலை. கண் மூடியபடி குழிக்குள் இறங்குகிறார்." இது விவரணை, எட்டே சொல்.

தனியாகக் குரலைப் பதிவு செய்து, அந்த இடங்களில் மூல ஒலியைக் குறைத்து, மேலே சேருங்கள். வேறு ஒரு குரல் பேசுவது நல்லது, பேட்டி கொடுத்தவரோடு குழம்பாது. பல ஒலித்தடம் சேர்க்கும் வசதி உங்கள் சேனலில் இல்லையென்றால் "ஒலி விவரணையுடன்" என்று தலைப்பிட்டு இரண்டாவது காணொளியாக ஏற்றி, முதலாவதன் விவரப் பகுதியில் இணைப்புக் கொடுங்கள்.

தலைப்பிலும் விவரப் பகுதியிலும் எமோஜி வரிசை வேண்டாம். திரைவாசிப்பான் "கூப்பிய கைகள், கூப்பிய கைகள், தீ, தீ" என்று ஒவ்வொன்றாகப் படித்த பிறகுதான் கோயில் பெயருக்கு வரும். அழைப்பிதழைப் படமாக மட்டும் போட்டால் அது எதையும் படிக்காது. தேதி, நேரம், இடத்தை உரையாகவும் தட்டச்சு செய்யுங்கள்.

முழு எழுத்துப்படியும் கொடுங்கள். யூடியூப் விவரப் பகுதிக்கு 5000 எழுத்துகள் வரம்பு. தமிழில் அது ஏறத்தாழ ஐந்நூறு, அறுநூறு சொல். நீளமானால் கூகுள் டாக்ஸில் போட்டு இணைப்பு தரலாம். தோட்டத்து உள்பகுதியில் இணையம் இழுபறியாக இருக்கும் வீட்டுக்கும் அதுவே உதவி. பகுதி நேரங்களையும் எழுதுங்கள்: 0:00-இல் தொடங்கி, மூன்றுக்குக் குறையாமல், ஒவ்வொன்றும் 10 நொடியாவது இருந்தால் யூடியூப் தானே பகுதிகளாகப் பிரித்துக் காட்டும். கவனம் சிதறுகிறவர்களுக்கும் இது பெரிய வசதி.

சைகை மொழி

2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் (சட்டம் 685) பாஹாசா இஷாராட் மலேசியாவை, அதாவது பிஐஎம்மை, காது கேளாதோரின் அதிகாரபூர்வச் சைகை மொழியாகக் கொள்கிறது. அதற்கென்று தனி இலக்கணம் உண்டு; மலாய் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்டுவது பிஐஎம் ஆகாது. எல்லாக் காணொளிக்கும் முடியாவிட்டாலும், சுகாதார அறிவிப்பு, பள்ளிப் பதிவு, உதவித்தொகை விளக்கம் போன்றவற்றுக்கு முயலுங்கள். மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். மலாயில் முழு உரையையும், ஆட்களின் பெயர், சடங்குப் பெயர்களையும் சில நாள் முன்பே கொடுத்துவிடுங்கள்.

அவர் திரைப் பரப்பில் குறைந்தது ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். மூலையில் தபால்தலை அளவில் வைத்தால் விரல் தெரியாது. தலைக்கு மேல் கொஞ்சம் இடம், கீழே இடுப்பு வரை, இருபுறமும் முழங்கை விரியும் அளவு. ஒற்றை நிறச் சட்டை, அதற்கு மாறான ஒற்றை நிறப் பின்னணி. சைகையிலும் முகபாவம் இலக்கணத்தின் பகுதி என்பதால் முகத்தில் நிழல் விழக் கூடாது. சப்டைட்டில் அவர் கைமேல் ஏறாமல் பாருங்கள்.

மின்னும் விளக்கு

கோயில் அலங்கார விளக்குகள் ஆபத்தானவை ஆகலாம். ஒரு நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் திரை மின்னினால் சிலருக்கு வலிப்பு வரலாம். சிவப்பு மின்னல் மேலும் மோசம். ஓடும் பல்புச் சரத்தைத் திரை நிறையக் காட்டாதீர்கள். தூரத்தில், ஓரமாக இருக்கட்டும். எடிட்டிங்கில் வெள்ளை மின்னல் மாற்றங்களை மேளத் தாளத்துக்குப் போடும் வழக்கம் வேண்டவே வேண்டாம். விளக்கு சாதாரணமாக இருந்தும் படத்தில் பட்டை பட்டையாகத் துடித்தால் அது கேமரா அமைப்பு: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே ஷட்டரை 1/50 அல்லது 1/100 வையுங்கள், அல்லது துடிப்புத் தடுப்பை 50 என்று மாற்றுங்கள்.

நேரலை

நேரலைக்கு முழுச் சப்டைட்டில் என்பது பயிற்சி பெற்ற தட்டச்சாளர் இல்லாமல் கைகூடாது. நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே விவரப் பகுதியில் எழுதிவிடுங்கள், ஒருவரை உட்கார வைத்து "7.40: கரகம் கோயிலை விட்டுக் கிளம்புகிறது" என்று கருத்துப் பகுதியில் மலாயிலும் தமிழிலும் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். பதிவு தங்கிய பிறகு ஓரிரு நாளில் முறையான சப்டைட்டிலை ஏற்றுங்கள்.

போடுவதற்கு முன் சோதனை

சத்தத்தை முழுக்க அணைத்து ஒருமுறை பாருங்கள்: யார் பேசுகிறார், என்ன செய்யச் சொல்கிறார் என்று புரிகிறதா? பிறகு திரையைக் கவிழ்த்து வைத்துக் கேட்டு மட்டும் பாருங்கள்: அளவும் எண்ணும் கிடைத்தனவா? ஆண்ட்ராய்டு கைப்பேசியின் திரைவாசிப்பானான டாக்பேக்கை இயக்கி, தலைப்பையும் விவரத்தையும் அது படிப்பதைக் கேளுங்கள். நீங்கள் பெரிய திரையில் தயாரித்ததை ஐந்தங்குலக் கைப்பேசியில் வெயிலில் நின்று பாருங்கள், பெரும்பாலோர் அப்படித்தான் பார்க்கிறார்கள். முடிந்தால் காது மந்தமான ஒருவரிடமும் பார்வை குறைந்த ஒருவரிடமும் கொடுத்து, "புரிஞ்சுதா?" என்று கேட்காமல், "எத்தனை கப் மாவு?" "எந்த நம்பருக்குக் கூப்பிடணும்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லாரும் மரியாதைக்கு ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

தவறு கண்டுபிடித்தால் யூடியூப்பில் எஸ்ஆர்டி கோப்பை மட்டும் மாற்றினால் போதும். இணைப்பும் பார்வை எண்ணிக்கையும் அப்படியே இருக்கும். வாட்ஸ்அப்பில் பதித்து அனுப்பியதைத் திருத்த முடியாது, ஆகவே அதை எப்போதும் கடைசியாகச் செய்யுங்கள்.